செயலாளரின் ஆண்டறிக்கை: தீவின் பரப்பும் பூச்சி இனங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் பூச்சி நோக்கர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதற்குள் போகவில்லை.

ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருந்தது ஒரே கேள்வி: தீவு பெரிதானால் பூச்சி இனங்கள் ஏன் கூடுகின்றன? கூடுகின்றன என்பதில் சண்டை இல்லை. பரப்பு பத்து மடங்கானால் இனங்கள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற தோராயக் கணக்கை 1957லேயே பிலிப் டார்லிங்டன் சொல்லிவிட்டார். அவர் வண்டு ஆய்வாளர். கணக்குக்கு எடுத்ததோ மேற்கிந்தியத் தீவுகளின் பல்லி, பாம்பு, தவளைகளை. இருந்தும் பூச்சிகளுக்கும் அது பெரும்பாலும் ஒத்துவருகிறது.

"பெரிய தீவில் மலை உண்டு, ஓடை உண்டு, பலவகை மரம் உண்டு. அதனால்தான் பூச்சி அதிகம். பரப்புக்கு என்ன பெருமை?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் கூட்டத்திலேயே மடக்கினார். உயிரியலாளர்கள் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் 1967ல் நூலாக விரித்த விளக்கத்தை இளைஞர் தரப்பு முன்வைத்தது. தீவுக்குப் புது இனங்கள் வந்துகொண்டே இருக்கும், இருப்பவை அழிந்துகொண்டும் இருக்கும். சிறு தீவில் ஒவ்வொரு இனமும் கொஞ்சமே இருப்பதால் ஒரு புயலோ வறட்சியோ அதைத் துடைத்துவிடும். வரவும் அழிவும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நிற்கும்.

வாதம் மூன்று மாதம் இழுத்தது. அதை ஓரளவு அடக்கியது வில்சனின் மாணவர் டேனியல் சிம்பர்லாஃபின் வேலை. ஃபுளோரிடாவில் கண்டல் (அலையாத்தி) மரம் மட்டுமே நிற்கும் சிறு திட்டுகளை அவரும் வில்சனும் 1960களில் கூடாரத்தால் மூடி, நச்சுப்புகையிட்டுப் பூச்சிகளை ஒழித்தார்கள். ஓராண்டுக்குள் பெரும்பாலான திட்டுகளில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை ஒட்டி வந்தது. ஆனால் திரும்பியவை எல்லாம் அதே இனங்கள் அல்ல. மிகத் தொலைவில் இருந்த திட்டு பின்தங்கியது. பிறகு சிம்பர்லாஃப் திட்டுகளின் ஒரு பகுதியை வெட்டியே எடுத்துப் பரப்பைக் குறைத்தார். மலையும் ஓடையும் இல்லாத ஒரே வகை மரத் திட்டிலும் இனங்கள் குறைந்தன. 1976ல் அது வெளியானது. நம் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "சரி, பாதி தோற்றேன்" என்றார். என் கருத்தும் அதுவே: வாழிட வகையும் பரப்பும் இரண்டும் வேலை செய்கின்றன.

ஒரு விலக்கையும் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவில் 1918ல் கப்பலோடு வந்த எலிகள் அங்கிருந்த பெரிய குச்சிப்பூச்சியைத் தின்று தீர்த்தன. அது அழிந்தே போனது என்றிருந்த நிலையில், 2001ல் அருகிலுள்ள பால்ஸ் பிரமிட் என்ற செங்குத்துப் பாறையில், புதரடியில் உயிரோடு கிடைத்தது. பெரிய தீவு கைவிட்டதைச் சிறு பாறை காப்பாற்றியிருக்கிறது. எத்தனை இனம் என்றுதான் பரப்புக் கணக்கு சொல்லும். எந்த இனம் என்று சொல்லாது.

இனி நம் குறை. புதர்க்கூட்டங்களைத் தீவுகளாகக் கருதி நாமே எண்ணிப் பார்த்தோம். பெரிய புதர்களில் நெடுநேரம் தேடினோம், சிறியவற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். பெரியதில் அதிக இனம் தெரிந்ததற்குப் பரப்பு காரணமா, நம் பொறுமை காரணமா என்று பிரிக்க வழியில்லை. அந்தப் பட்டியலை இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை.

அடுத்த ஆண்டு எல்லாப் புதர்களிலும் ஒரே அளவு சதுரம் குறித்து, ஒரே நேரம் மட்டும் தேடி, மீண்டும் எண்ண வேண்டும் என்பது செயற்குழுவின் முன்மொழிவு. அவையின் ஒப்புதலைக் கோருகிறேன். நன்றி.