தோணிக்காரரின் கதையை மறுபடி கேட்க வைக்காதே

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீங்கள் ஆறு பேர் செய்துவரும் வீடியோ விளையாட்டின் சோதனைப் பதிப்பை அனுப்பியிருந்தாயே, அதை முடிவு வரைக்கும் விளையாடிவிட்டேன். அது நல்ல விளையாட்டு. பின்னால் வருவதெல்லாம் குறை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்பேர்னில் இருந்துகொண்டு நம் திருகோணமலையின் சீனக்குடாவை இவ்வளவு சரியாகக் கட்டியெழுப்புவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலேயர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளைக் காடு மூடிக்கிடக்கும் விதமும், துருவின் நிறமும், உள்ளே காலடி வைத்ததும் சத்தம் சுவரில் மோதிச் சுற்றி வந்து நம்மிடமே சேர்வதும் அப்படியே வந்திருக்கின்றன. எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்ற யோசனை யாருடையது? உன்னுடையதென்றால் எனக்குப் பெருமை. அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி, "இடது பக்கம் திறந்திருக்கிறது" என்றாள். திறந்துதான் இருந்தது.

மோசமான விளையாட்டில் குறை இருந்தால் அதை மூடிவிட்டு எழுந்து போய்விடலாம். நல்ல விளையாட்டை விட்டுப்போக மனம் வருவதில்லை. அதனால் அங்கே சின்னக் குறைகூட நெடுநேரம் உறுத்துகிறது.

மூன்றாவது தாங்கியில் காவற்காரனிடம் பிடிபட்டால் என்ன நடக்கிறது என்று பார். ஆட்டம் இறங்குதுறைக்குத் திரும்புகிறது. தோணிக்காரர் தன் கதையை முதலில் இருந்து சொல்கிறார். அதைத் தாண்டிப்போக வழியே இல்லை. பிறகு தோணி குடாவைக் கடக்கிறது, பிறகு காடு, பிறகு ஏற்கெனவே முடித்துவிட்ட இரண்டு தாங்கிகள். பிடிபட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்குள், எந்தத் தவறால் பிடிபட்டோம் என்பதே மறந்துவிடுகிறது. தோணிக்காரரின் கதை அழகானது. முதல் தடவை கேட்டபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அந்தக் கதையே எனக்குச் சலித்துப்போகும்படி நீங்கள் செய்துவிட்டீர்கள்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே அப்பா பயம் வரும்" என்றாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயம் காவற்காரனின் காலடிச் சத்தத்தில் இருக்கிறது. அதை நீங்கள் மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். திரும்பி வரும் வழியில் பயம் எதுவும் இல்லை, காத்திருப்பு மட்டும்தான் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நாம் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்காகக் கரையில் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம் என்று நினைத்துப் பார். அந்த நிற்றலால் மாமா வீட்டு விருந்து இன்னும் ருசித்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

கடினம் வேறு, வீணடிப்பு வேறு. 2018இல் வந்த 'செலஸ்ட்' நான் பார்த்த மிகக் கடினமான ஆட்டங்களில் ஒன்று. ஆனால் விழுந்த கணமே அதே திரையின் தொடக்கத்தில் எழுந்து நிற்கலாம். கை சூடு ஆறுவதற்குள் அடுத்த முயற்சி தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆட்கள் சலிக்காமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' ஆட்டத்தில் சில பொஸ் சண்டைகளுக்கு, அதாவது பெரிய எதிரியோடு மோதும் சண்டைகளுக்கு முன்னால், தோற்ற ஒவ்வொரு முறையும் தீமூட்டிய இடத்தில் இருந்து நெடுந்தூரம் ஓடிவர வேண்டும். கடினத்துக்குப் பெயர்போன அதே நிறுவனம், 2022இல் 'எல்டன் ரிங்' செய்தபோது, பல சண்டைக்களங்களின் பக்கத்திலேயே மறுபடி எழுவதற்கென்று ஒரு சிலையை நிறுத்திவைத்தது. சண்டை எளிதாகிவிடவில்லை. ஓட்டம்தான் போயிற்று.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நான் நெட் கஃபே நடத்திய காலம் உனக்கு நினைவிருக்கும். போர்நிறுத்தம் வந்த பிறகு 'கிராண்ட் தெஃப்ட் ஒட்டோ' வரிசையின் 'வைஸ் சிட்டி' ஆட்டம் ஊருக்குள் வந்துசேர்ந்த நேரம். அதில் ஒரு மிஷன்: பொம்மை ஹெலிகொப்டரில் நான்கு குண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டடத்தின் தளங்களில் கொண்டுபோய் வைக்க வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். விசைப்பலகையில் எண் விசைகளையும் சேர்த்து அழுத்தினால்தான் ஹெலிகொப்டர் திரும்பும். நான்காவது குண்டில் தவறினால் முதல் குண்டில் இருந்து தொடங்க வேண்டும். நடுவில் வந்த இடத்தைச் சேவ் செய்து வைக்க முடியாது. அரை மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருந்த பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று கல்லாவில் இருந்து பார்த்தவன் நான்.

அவர்களின் முதுகைப் பார்த்தாலே தெரியும். தன் கையால் தோற்றவன் திரையை நோக்கி இன்னும் சாய்ந்து உட்காருவான். ஆட்டத்தின் அமைப்பால் தோற்றவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவான். எத்தனையோ பிள்ளைகள் அந்த ஹெலிகொப்டரோடு அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் அது அந்தக் காலத்தின் அருமையான ஆட்டம். அதே வரிசையில் 2013இல் வந்த ஐந்தாவது ஆட்டத்தில் மிஷனின் நடுவிலிருந்தே திரும்பத் தொடங்கலாம், மூன்று முறை தோற்றால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகவும் விடுவார்கள்.

சேவ் பற்றி இன்னொன்று. உன் ஆட்டத்தில் விளக்குக் கம்பங்களில் மட்டும்தான் சேவ் செய்யலாம். அந்த இறுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில் உன் ஆட்டத்தை விளையாடப்போகிறார்கள். நிறுத்தும்போது இருக்கும் இடத்தை ஆட்டம் குறித்துவைக்கட்டும். திரும்பத் திறந்ததும் அந்தக் குறிப்பை அழித்துவிடட்டும். மின்சாரம் சொல்லாமல் போய்விடலாம், ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவும் குறித்துக்கொள்ளட்டும். அதை வைத்து எளிதில் ஏமாற்ற முடியாது. வேலைக்குப் போகிறவர், பால்குடிப் பிள்ளை உள்ள தாய், கரண்ட் போன வீட்டுக்காரர் எல்லோரும் விளையாடலாம்.

டோர்ச் லைட்டை அணைப்பதற்கு ஒவ்வொரு முறையும் பையைத் திறக்க வைத்திருக்கிறாயே, அதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 1998இல் நின்டெண்டோ செய்த 'ஓகரினா ஒஃப் டைம்' ஆட்டத்தின் நீர்க்கோயில் இன்றுவரை பேசப்படுவது எதனால்? நீரில் அமிழ இரும்புச் சப்பாத்தைப் போட வேண்டும், மிதக்கக் கழற்ற வேண்டும், போடவும் கழற்றவும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலுக்குள் போய்வர வேண்டும். கோயிலின் புதிர் மிக நல்ல புதிர். ஆனால் மக்கள் நினைவில் நின்றது சப்பாத்து. அந்தக் கோயிலை வடிவமைத்த எய்ஜி அயோனுமா பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011இல் வந்த மறுபதிப்பில் சப்பாத்து ஒரு பொத்தானுக்கு வந்துவிட்டது. உன் டோர்ச்சும் ஒரு பொத்தானுக்கு வரட்டும்.

எழுத்து. அம்மா விளையாட்டை நிறுத்தியது இதனால்தான், எதிரி யாரும் அவளை நிறுத்தவில்லை. 2006இல் வந்த 'டெட் ரைசிங்' என்ற ஆட்டத்தின் எழுத்தைப் பழைய தொலைக்காட்சிகளில் வாசிக்க முடியவில்லை என்று அப்போதே பெரிய முறைப்பாடு எழுந்தது. நீங்கள் தமிழையும் சேர்த்திருப்பது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? ஆனால் ஆங்கிலத்துக்கு வைத்த அதே அளவைத் தமிழுக்கும் வைத்திருக்கிறீர்கள். மெய்யெழுத்தின் புள்ளி தெரியவில்லை. 'ழு', 'கூ' போன்றவற்றின் வால்களை அடுத்த வரி வெட்டிவிடுகிறது. தமிழுக்கு அளவைக் கூட்டுங்கள், வரிக்கு வரி இடைவெளியும் கூட்டுங்கள். எழுத்தின் அளவை விளையாடுகிறவரே மாற்றிக்கொள்ள ஒரு இடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடைசித் தாங்கிதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். ஆட்டம் முழுவதும் மறைந்திரு, காது கொடு, சுடாதே என்று கற்றுக்கொடுத்துவிட்டு, அங்கே கதவைப் பூட்டி, கையில் துப்பாக்கியைத் திணிக்கிறாய். அதுவரை நான் சேர்த்த திறமை ஒன்றும் அந்த அறைக்குள் செல்லாது. 2011இல் 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவலூஷன்' இதே தவறைச் செய்தது. பதுங்கியும் கணினிகளை ஊடுருவியும் வந்தவர்கள் பொஸ் அறைகளில் சுட்டே தீர வேண்டியிருந்தது. அந்தச் சண்டைகளைச் செய்ய வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. 2013இல் திருத்திய பதிப்பில் அந்த அறைகளில் வேறு வழிகளையும் திறந்துவிட்டார்கள். உன் கடைசி அறையிலும் எதிரொலியே ஆயுதமாக இருக்கட்டும். அந்த அறையில் இருக்கும் எதிரி சத்தத்தைத் தேடி வருகிறவன்தானே? சத்தத்தாலேயே அவனைத் திசைதிருப்ப விடு.

நான் சொன்ன ஆட்டங்களில் பலவற்றைப் பிற்காலத்தில் திருத்திக்கொண்டார்கள், சில மறுபதிப்பில், சில அடுத்த ஆட்டத்தில். பெரிய நிறுவனங்களுக்கு அதற்குப் பணமும் இருந்தது, காத்திருக்கும் ரசிகர்களும் இருந்தார்கள். உங்கள் ஆறு பேருக்கு அந்த வசதி இல்லை. முதல் கிழமையில் ஒருவர் சலித்துப்போய் எழுந்துவிட்டால், அவர் திரும்பி வந்து பார்க்கமாட்டார். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்து ஒலிப்பதிவு செய்த அந்த நான்காவது தாங்கியை அவர் கேட்கவே மாட்டார். இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை, பிள்ளை. வெளியிடும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவை. முடியாதென்றால், தோணிக்காரரின் கதையைத் தாண்டிப்போகும் வழியையும் மூன்றாவது தாங்கியின் வாசலில் ஒரு விளக்குக் கம்பத்தையுமாவது இப்போதே வைத்துவிடு. மற்றவை பிறகு வரலாம்.

அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று எழுது. இரவில் இறக்கினால் இங்கே இணையம் வேகமாக இருக்கிறது. உப்புவெளியில் இருந்து பெரியம்மாவின் பேரன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். அவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து பார்த்து, எந்த இடத்தில் முன்னால் சாய்கிறார்கள், எந்த இடத்தில் நாற்காலியைத் தள்ளுகிறார்கள் என்று நேரத்தோடு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா