புளோக்கே முழிச்சிரும்: தமிழ் மேடை அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மேடை அமைக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சின்ன ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன், பாட்டும் எழுதுகிறேன். நால்வரில் மூவர் தமிழர், டிரம்ஸ் வாசிப்பவர் மலாய் நண்பர். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். நீங்கள் நடத்தும் ஒவ்வொரு கலை நிகழ்ச்சியிலும், இந்த ஊரில் எழுதி மெட்டமைத்த ஒரு சொந்தப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அது எப்படிப்பட்ட சத்தமாக இருந்தாலும் சரி.

எங்கள் பாட்டு ஒன்றின் கதையைச் சொன்னால் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

அப்பா மதிய ஷிப்ட் முடித்துக் கடைசி ரயிலில்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் வீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில். வாசலில் இரும்புக் கேட்டு, அதில் கனமான பூட்டு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அப்பா பூட்டை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, வலது கையால் சாவியை மெல்லத் திருப்புவார். பூட்டு கம்பியில் இடித்துவிடக் கூடாது, அதுதான் அவர் கவலை. அப்படியும் சில நாள் ‘டங்’கென்று ஒரு சத்தம் வந்துவிடும். உள்ளே இருந்து அம்மா, “மெல்ல வாங்க, புளோக்கே முழிச்சிரும்” என்பார். இருபது வருடமாக நான் கேட்டு வளர்ந்த வசனம். அதிலிருந்து வந்ததுதான் பல்லவி:

கேட்டுப் பூட்டு சத்தம் கேட்டா
புளோக்கே முழிச்சிரும், மெல்ல வா

டிரம்ஸ் நண்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் முதல்முறை பாடிக் காட்டியதுமே, அந்த ‘ட்டு’ எல்லாம் ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இடத்தில் தானாக வந்து உட்காருகிறதே என்றார். ராக் தாளத்தில் நான்கு அடிக்கு இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் விழும். ‘பூட்டு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ட்’டில் மூச்சு ஒரு கணம் நிற்கும், ‘டு’வில் வெடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நிற்றலும் வெடிப்பும்தான் எங்களுக்குத் தாளம். வல்லினம் இரட்டிக்கும் மொழி ராக்குக்குக் கிடைத்த வரம் என்றே நான் நினைக்கிறேன். தமிழ் மென்மையான மெட்டுக்குத்தான் பொருந்தும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு நடந்தது. பாட்டின் தொடக்கத்தில் கேட்பது எங்கள் வீட்டுப் பூட்டுதான். நள்ளிரவில் வேண்டுமென்றே சத்தம் எழுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு, குழந்தை விழித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்தோம்.

அப்புறம் ஒரு நிகழ்ச்சிக் குழுவுக்குப் பாட்டை அனுப்பினோம். பெயர் வேண்டாம். ‘புளோக்’ தமிழ் இல்லை, ‘அடுக்குமாடிக் கட்டடம்’ என்று மாற்றுங்கள் என்றார்கள். எலக்ட்ரிக் கிட்டாரை விட்டுவிட்டு மென்மையாக வாசிக்கச் சொன்னார்கள். முடியாவிட்டால் இரண்டு சினிமாப் பாட்டு பாடுங்கள் என்றார்கள். சினிமாப் பாட்டே பாடினோம். நல்ல கைதட்டல். சினிமாப் பாட்டின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது மனசு கனத்தது.

‘புளோக்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா அடுக்குமாடிக் கட்டடம் முழித்துக்கொள்ளும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் அப்படிப் பேச மாட்டீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அந்தச் சிலர் வீட்டில் பேசும் தமிழுக்கே மேடையில் இடமில்லை என்றால், பிள்ளைகள் எந்தத் தமிழில் எழுத வருவார்கள்?

ராக் நமக்கு அந்நியம் என்பதும் இந்த ஊரில் நிற்காத வாதம். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் இங்கே வந்து வாசித்தார்கள். அந்த அறுபதுகளில் ஊரெங்கும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. மலாய் இளைஞர்கள் அந்தச் சத்தத்தைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள், அதைப் பாப் யே யே என்றார்கள். ஆண்களின் நீள முடிக்கு எதிரான அரசின் கெடுபிடியால் 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினே இங்கு வாசிக்க முடியாமல் போனது. 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் திறந்தது, அதன் தோட்டத்தில் எத்தனையோ குழுக்கள் வாசித்தன. 1992இல் தொடங்கிய நம் ஊர் ருத்ரா குழு, வேதாந்தக் கருத்துகளை மெட்டல் என்ற கனத்த ராக் இசையில் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடி வெளிநாடுகள் வரை போனது. கிட்டார் பிடிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தமிழில் பாட அவர்களை அழைக்கும் மேடைதான் குறைவு.

எங்கள் பாட்டை முதன்முதலில் வாசித்தது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருந்த ஜாமிங் ஸ்டூடியோவில். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்கள். இரண்டாவது முறை பல்லவி வந்தபோது அவர்களும் “மெல்ல வா” என்று கத்தினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். ரயில் தண்டவாளப் பராமரிப்பு வேலையாம். “தம்பி, கடைசி ரயில் போனப்புறம்தான் எங்க வேலையே ஆரம்பம். முதல் ரயில் வர்றதுக்குள்ள முடிச்சிட்டு ஏறிரணும். எங்களை ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்பாவைப் பற்றி எழுதியபோது, அவர் இறங்கிப் போன பிறகு அந்தத் தண்டவாளத்தில் யார் நிற்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அடுத்த வாரமே மூன்றாவது சரணம் எழுதினோம். சுரங்கத்துக்குள் தலைவிளக்கோடு நடப்பவர்களைப் பற்றியது. அந்த இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும், பாஸ் மட்டும் தனியாக நடக்கும். இப்போது பாட்டிலேயே நல்ல பகுதி அதுதான். கேட்க ஒருவர் இருந்ததால்தான் அது கிடைத்தது.

எங்களைத்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. சொந்தமாகத் தமிழில் எழுதும் எந்தக் குழுவையும் அழையுங்கள். எங்களைக் கேட்டுப் பார்க்க நினைத்தால், சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு வாருங்கள். சத்தம் அதிகமாக இருந்தால் சொல்லுங்கள், குறைத்து வாசிக்கிறோம். ‘புளோக்’கை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
பாஸ் கிட்டார் வாசிப்பவன்