கல்கேரியா ஃப்ளோரிகா: பல் கறைக்குக் கேட்டு வருபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வருபவர்கள் கல்கேரியா ஃப்ளோரிகா என்ற இந்த ஹோமியோ மாத்திரையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைகளின் பல் கறை இதில் போகுமா? போர் தண்ணீரில் ஏற்கெனவே ஃப்ளோரைடு இருக்கிறதே, இதையும் தின்றால் கூடிப்போகாதா? கறை போகாது. ஃப்ளோரைடும் கூடிப்போகாது.

இது கால்சியம் ஃப்ளோரைடு. ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமம். ஜெர்மன் மருத்துவர் ஷூஸ்லர் 1870-களில் மருந்தாக வகுத்த 12 உப்புகளில் ஒன்று. தண்ணீரில் எளிதில் கரையாத கல் என்பதால், 1 பங்குக்கு 9 பங்கு பால்சர்க்கரை போட்டு அரைப்பார்கள். அதில் 1 பங்கு எடுத்து மறுபடி 9 பங்கோடு அரைப்பார்கள். 6 சுற்று முடிந்தால் 6எக்ஸ்: பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 12எக்ஸ் என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எண் ஏற ஏற கனிமம் குறையும். பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டு "பெரிய நம்பர்" கேட்கிறார்கள். 6சி வேறு, அதில் ஒவ்வொரு சுற்றும் நூறில் ஒன்று. சீட்டில் எக்ஸா, சியா என்று பார்த்து வாங்குங்கள்.

100 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு 4, நாளைக்கு 4 வேளை என்றாலும் 6எக்ஸில் உள்ளே போகும் ஃப்ளோரைடு 1 மைக்ரோகிராம்கூட இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 3,000 மைக்ரோகிராம்.

ஹோமியோபதி நூல்களில் இதைக் கல்போல் இறுகிய கட்டி, உள்ளங்கை வெடிப்பு, புடைத்த நரம்பு, மூலம், எழுந்ததும் பிடித்து நடக்க நடக்க விடும் இடுப்புவலி ஆகியவற்றுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது மரபு வழக்கம், ஆய்வில் உறுதியானதல்ல. மார்பில் கட்டி, மலத்தில் ரத்தம் என்றால் மாத்திரையோடு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் கறை, தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்தால், எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு) உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுக்குள், உள்ளேயே படிவது. வந்த கறைக்குப் பல் மருத்துவர்தான். வராமல் தடுக்கத் தண்ணீரை மாற்ற வேண்டும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு ஏறும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். போர் தண்ணீர் துவைக்க இருக்கட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். கண்ணாடி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு 1 லிட்டர் பிடியுங்கள்.

மாத்திரையை மூடியில் கொட்டி அப்படியே நாக்கில் போடுங்கள். ஈரக்கை பட்டதைத் திரும்பப் பாட்டிலில் போட்டால் மீதியும் கசிந்து ஒட்டிக்கொள்ளும். பூஜை அலமாரியில் கற்பூரத்தோடு வைக்கும் வழக்கம் வேண்டாம். பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்கள் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹோமியோ மருந்துக் கடையினர்,
தருமபுரி