‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை இறப்பு, ரத்தசோகை, சர்க்கரை நோய் என்று எதைப் பற்றிச் செய்தி வந்தாலும், கடைசிப் பத்தியில் ‘மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே காரணம்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. படிப்பு குறைந்தவர்கள் வீட்டில் சாவு அதிகம் என்பது வளரும் நாடுகள் பலவற்றிலும் கண்ட உண்மை. ஆனால் அது ஏன் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அந்த ஒரு வரியில் பழியை நோயாளி தலையில் கட்டிவிட்டு நாம் நகர முடியாது.

இந்தத் தொடர்பை அழுத்தமாகச் சொன்னவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் (நாமறிந்த ராபர்ட் கால்டுவெல் வேறு). நைஜீரியக் குடும்பங்களை ஆராய்ந்து 1979-ல் அவர் எழுதியதன் சாரம் இது: கணவனின் வேலை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், தாய் பள்ளிக்கூடம் போயிருந்தால் குழந்தை பிழைப்பது கூடுகிறது. உடம்பைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தது மட்டும் இதற்குக் காரணமில்லை என்றார். படித்த மருமகள் மாமியாரைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். அங்கே டாக்டரிடம் தயங்காமல் கேள்வி கேட்கிறாள். சரியாகவில்லை என்றால் மறுபடியும் போய் நிற்கிறாள்.

பின்னர் வந்த கணக்குகள் இதை உறுதிப்படுத்தின. 175 நாடுகளின் தரவை வைத்து 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, 1970-க்கும் 2009-க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆண்டு இறப்பு 82 லட்சம் குறைந்தது. அதில் 42 லட்சம், அதாவது பாதிக்கு மேல், பெண்களின் படிப்பு உயர்ந்ததால் குறைந்தது. 2021-ல் அதே இதழில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பள்ளியே போகாத தாயின் குழந்தையோடு ஒப்பிட்டால், 12 ஆண்டு படித்த தாயின் குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவு என்கிறது. தகப்பனின் 12 ஆண்டுப் படிப்புக்கும் 17 சதவீதப் பலன் உண்டு.

‘வசதியுள்ள வீட்டில்தான் பெண்ணைப் படிக்க வைக்கிறார்கள், பலன் பணத்தால் வருவது’ என்று வாதிடுவோருக்கு ஜிம்பாப்வேயில் பதில் இருக்கிறது. 1980-ல் விடுதலை கிடைத்ததும் அங்கே உயர்நிலைப் பள்ளிக் கதவுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்தன. அப்போது பள்ளிக்குள் நுழையும் வயதில் இருந்த பெண்களையும், ஓரிரு வயது மூத்ததால் அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களையும் பிற்பாடு ஒப்பிட்டார்கள். ஊர் ஒன்று, வறுமை ஒன்று, பள்ளிதான் வேறு. முதல் கூட்டத்தின் குழந்தைகள் இறப்பது சுமார் 21 சதவீதம் குறைந்திருந்தது.

இதுவரை சொன்னது குழந்தைகளைப் பற்றி. பெரியவர்களைப் பற்றி 2019-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இந்தியா உள்பட 20 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஏழை நாடுகளில் படிப்பு குறைந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் (2.23) இருந்தது. ஆனால் ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன் போன்ற ஆபத்துக் காரணிகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள் நிலை படித்தவர்களைவிட மோசமாக இல்லை, நன்றாகவே இருந்தது. வித்தியாசம் சிகிச்சையில்தான். ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வரி இங்கே உடைந்துபோகிறது. ஒழுங்காக வாழத் தெரியாததால் அவர்கள் சாகவில்லை. நோய் வந்த பிறகு நாம் நடத்தும் விதத்தில் சாகிறார்கள்.

அது எங்கே நடக்கிறது? பெரும்பாலும் மருந்து கவுண்டரில். எட்டு கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும். அதனால் 5 மில்லி கொடுத்தால் சரி. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அதில் 1.2 மில்லி போதும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே நிற அட்டை. போன தடவை சிரப் வாங்கிய அம்மா இந்தத் தடவை கிடைத்த சொட்டு மருந்தைப் பழைய கணக்கில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. நாள் பூராவும் இப்படியே தொடர்ந்தால் கல்லீரல் கெடும். தலைகீழாக, சொட்டு மருந்துக் கணக்கில் சிரப்பைக் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது. ‘இந்த டாக்டர் மருந்து சரியில்லை’ என்று அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கடையில் உண்டு. குழப்பத்துக்கு அதுவும் சேரும். வீட்டு ஸ்பூன் எதுவும் 5 மில்லி என்று நம்ப முடியாது.

இன்சுலின் இன்னும் கொடியது. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்து மில்லிக்கு 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, நூறு யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி. கடைக்காரர் கவனிக்காமல் ஆரஞ்சு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டால், 40 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுக்கும் பெரியவருக்கு உண்மையில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. ‘சரியாகப் போடுவதில்லை’ என்று திட்டு வாங்குவார், டோஸ் கூட்டப்படும். பிறகு ஒருநாள் சரியான ஊசி கைக்கு வரும்போது, கூட்டிய டோஸ் முழுசாக ஏறிச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். மூட்டு வாதத்துக்கு எழுதும் மெதோட்ரெக்சேட் மாத்திரையும் இப்படித்தான்: வாரத்துக்கு ஒரு நாள் என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம்.

இவற்றைத் தடுப்பது சீட்டைப் படித்து, அட்டையோடு ஒப்பிட்டு, ‘போன தடவை வேற மாதிரி இருந்துச்சே’ என்று கேட்கும் பழக்கம். பள்ளிக்கூடம் தருவது அதைத்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர்கூட ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட மாத்திரை அட்டைக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். சீட்டில் ‘ஓ.டி.’ (தினம் ஒரு வேளை), ‘பி.டி.’ (இரு வேளை), ‘எஸ்.ஓ.எஸ்.’ (தேவைப்பட்டால் மட்டும்) என்று கிறுக்கினால் பட்டதாரிக்கும் புரியாது. அரசு கவுண்டரில் அட்டையை ஆளுக்குப் பத்தாகக் கத்தரிக்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரம் யாரோ ஒருவருக்குப் போய்விடுகிறது. மற்றவர்கள் நிறத்தை நம்பி விழுங்குகிறார்கள்.

எழுத்தறிவு வரும்வரை காத்திருக்காமல் வேலை செய்தவர்கள் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். அவ்வளவுதான், எழுத்தும் வேண்டாம், தராசும் வேண்டாம். அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். தாய் மறந்தால் அது கற்பித்தவரின் குறை என்று வைத்தார்கள். பொதுச் சுகாதாரத்தில் இதைவிட நேர்மையான விதியை எங்கும் காண்பது அரிது.

நம்மிடம் இப்போது அந்த உப்புக் கரைசலுக்கான தூள் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டிலேயே வந்துவிட்டது. பிழையும் கூடவே வந்திருக்கிறது. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டால் ஒவ்வொரு டம்ளரும் ஒவ்வொரு அளவு. வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காட்டி ‘இது நிறைய’ என்று சொன்னால் போதும். 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்ட வேண்டும். கூடவே தரும் துத்தநாக மாத்திரை (ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10) 14 நாள் கொடுக்க வேண்டியது. மூன்றாம் நாள் பேதி நின்றதும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள், ஏன் தொடர வேண்டும் என்று யாரும் சொல்லாததால்.

தமிழ்நாடு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில். ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பு ஆயிரம் பிறப்புக்கு 18.6, இந்தியாவுக்கு 35.2. மதிய உணவு, இலவச மருந்து, கிராமச் சுகாதாரச் செவிலியர் என்று தலைமுறைகளாகப் போட்ட அடித்தளம் இது. ஆனால் அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை 53.4 சதவீதம்; அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. இத்தனைக்கும் பத்து ஆண்டோ அதற்கு மேலோ படித்த பெண்கள் பாதிக்கும் அதிகம்.

அப்படியென்றால் படிப்பு மட்டும் போதாது. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். கையில் கொடுத்துவிடுகிறோம். ஆனால் காபி, டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அதே கதை, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்பதை எத்தனை இடத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? கறுத்த மலத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்தும் பெண், படித்தவளும் உண்டு, படிக்காதவளும் உண்டு.

பெண் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். புதுமைப் பெண் போன்ற திட்டங்களை அந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். அதன் பலன் அடுத்த தலைமுறைக் குழந்தைகளிடம் தெரியும். இன்றைக்கு வரிசையில் நிற்கும் நாற்பது வயது அம்மாவைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. அவருக்காகச் சென்னை மாநகராட்சியின் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்த மாதமே தொடங்கக்கூடியவை உண்டு.

மாத்திரை போடும் உறையில் சூரியன், உச்சிவெயில், நிலா என்று மூன்று கட்டம் அச்சிட்டு, மருந்தாளுநர் பேனாவால் எண்ணிக்கையை எழுதட்டும். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கும் அது உதவும். குழந்தைகள் பிரிவில் ஒவ்வொரு திரவ மருந்தோடும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, இழுக்க வேண்டிய கோட்டில் மார்க்கர் பேனாவால் குறியிடட்டும். அடுத்து வர வேண்டிய நாளைத் தேதியோடு கிழமையும் சேர்த்துத் தமிழில் எழுதட்டும். மாநிலத்துக்கே மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் அட்டையின் பின்புறம் மருந்தின் பெயர் தமிழிலும் வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒரு கேள்வி. ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சுது சார்’ என்றுதான் சொல்வார்கள், மரியாதை அப்படி. ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிக் கொடுப்பீங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க’ என்று கேட்டால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். திருத்த ஒரு நிமிடம் ஆகும். நூறு பேர் வரிசையில் காத்திருக்க, ஒற்றை மருந்தாளுநரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் எல்லோருக்கும் வேண்டாம்: கைக்குழந்தை, கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர் என்ற மூன்று பிரிவினருக்கு மட்டும் காலை நேரத்தில் தனி ஜன்னலும் அதற்கென ஒரு மருந்தாளுநர் பணியிடமும் அனுமதிக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை