பழைய மெசியின் வேகத்தைக் காதால் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பலகாமத்தில் என் கராஜுக்கு வரும் பழைய மெசி பேர்கசன் 135 உழவு இயந்திரங்கள் பலவற்றில் எஞ்சின் சுற்றுவேகம் காட்டும் மீற்றரின் கேபிள் அறுந்து, முள் அசைவதே இல்லை. "வேகம் சத்தத்திலேயே தெரியும்" என்கிறார்கள் ஓட்டுபவர்கள். சூடடிக்கும் மெசினைச் சுழற்றும், உழவு இயந்திரத்தின் பின்னாலுள்ள தண்டு (பின்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் நெல் உடையும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லாததால் பெற்றோல் எஞ்சினுக்குரிய மீற்றர் சரிவராது. ஒளி பாய்ச்சி அளக்கும் கைமீற்றர் போதும். எஞ்சினை நிறுத்தி, எஞ்சினோடு சுழலும் முன்பக்கக் கப்பியின் (கிராங் புலி) எண்ணெயைத் துடைத்து, மினுங்கும் ரேப்பில் ஒரேயொரு துண்டு ஒட்டுங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, அந்த ரேப்பில் ஒளியைப் பாய்ச்சினால் மீற்றர் எஞ்சினின் வேகத்தைக் காட்டும்; பின்தண்டு 540 சுற்றுச் சுற்ற எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதை இயந்திரக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒட்டினால் வேகம் இரட்டிப்பாகக் காட்டும். கமநல சேவை நிலையங்கள் இப்படியொரு மீற்றரை வாங்கி, அறுவடைக்கு முன் இரவல் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

உழவு இயந்திரம் திருத்துநர்,
தம்பலகாமம், திருகோணமலை