கௌபாய் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லி கௌபாய் படங்கள் எடுக்கும் ஹாலிவுட் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன் நான். இப்போது என் மகளோடு உங்கள் படங்களைப் பார்க்கிறேன். ரத்தம் தெறிப்பதில்லை, கெட்ட வார்த்தை கிடையாது, கடைசியில் நல்லவன் ஜெயிக்கிறான். சரி, நல்லதுதான். ஆனால் அவன் ஜெயிப்பதெல்லாம் எதிராளியை முந்திக்கொண்டு துப்பாக்கியை உருவியதால்தான். "அப்போ எல்லாரும் இடுப்புல துப்பாக்கியோடதான் திரிவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்பதுதான் உண்மை. கன்சாஸின் டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி ஏந்தத் தடை என்று தெருவிலேயே பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பழைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. அரிசோனாவின் டூம்ஸ்டோனிலும் அதே மாதிரி சட்டம். 1881 அக்டோபர் 26 அன்று அங்கே ஓ.கே. கோரல் என்ற குதிரைக் கொட்டடி அருகே நடந்த சண்டையை எத்தனை முறை படமாக்கிவிட்டீர்கள்! அரை நிமிடத்தில் முடிந்துபோன சண்டை, 3 பேர் செத்தார்கள். ஊருக்குள் வந்தவர்களிடம் ஊர்க் காவலர்கள் ஆயுதத்தை வாங்கப் போனதில்தான் அது வெடித்தது. சண்டையை மெதுவாக ஓடவிட்டுக் காட்டும் நீங்கள், அந்தச் சட்டத்துக்கு ஒரு வசனம்கூடத் தருவதில்லை.

ஆட்களும் அப்படித்தான். மாடு மேய்க்கும் வித்தையை, சுருக்குக் கயிறு வீசுவது உட்பட, வக்கேரோக்கள் எனப்படும் மெக்சிகோ மாடு மேய்ப்பவர்களிடமிருந்துதான் கௌபாய்கள் கற்றார்கள். கௌபாய்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். உங்கள் திரையில் அவர்கள் எங்கே?

நல்ல சேதி வேண்டும் என்கிறீர்கள். பாஸ் ரீவ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையாகப் பிறந்தவர், 1875-இல் அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷலுக்குத் துணை அதிகாரியாகி 1907 வரை வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பிடிவாரண்டுகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவார். மனைவியைக் கொன்ற சொந்த மகனுக்கு எதிரான வாரண்டையும் அவரே கேட்டு வாங்கினார். எங்கள் மனுநீதிச் சோழன் கதை தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

அப்புறம் 1867. சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள், வெள்ளையருக்குச் சமமான கூலி கேட்டு, ஒரு கல்லும் எறியாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் தோற்றது. தோற்றவர்கள் கதை குழந்தைகளுக்கு எதற்கு என்பீர்கள். என் மகளுக்கு அது புரியும். வகுப்பில் நியாயம் கேட்டுத் தோற்றுவிட்டு வந்து அழுதிருக்கிறாள்.

வரலாற்றுப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. குதிரை ஓடட்டும், புழுதி பறக்கட்டும், அதெல்லாம் எனக்கும் வேண்டும். ஒரே ஒரு காட்சி கேட்கிறேன். அடுத்த படத்தில் உங்கள் நாயகன் ஊருக்குள் நுழையும்போது துப்பாக்கியைக் கழற்றி ஷெரீஃபிடம் கொடுத்துவிட்டு, வெறும் இடுப்போடு தெருவில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய காமிக்ஸ் வாசகன்