எடைக்குப் போன மாயாவி: எங்கள் ஊர் நூலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எடைக்குப் போட்டீர்களே, அந்தக் காமிக்ஸ் கட்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்கும் தெரியும், சாக்கில் அள்ளிப் போட்டவருக்கும் தெரியும்.

பழைய பேப்பர் கடையில் ஒரு தொகுப்பு என் கண்ணில் பட்டது. ஆறு முத்து காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்துத் தைத்து, காலிக்கோ துணி ஒட்டிய பைண்டு. என் அப்பா பைண்டிங் கடையில் காத்திருந்து வாங்கி, உங்களுக்கு நன்கொடையாகத் தந்தது. முதல் பக்கத்தில் நூலகத்தின் ஊதா முத்திரை. அதற்குள் எண் எழுத வேண்டிய கோடு மட்டும் காலி. எண் இல்லையென்றால் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லையென்றால் கழித்துவிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்காரர் தராசில் வைத்தார். அப்பாவின் நன்கொடையை இருபது ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

மின்சாரம் பாய்ந்தால் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். உங்களிடம் கையும் சேர்ந்து மறைந்துவிட்டது.

1962இல் லண்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த அந்த மாயாவி, 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழில் தமிழ் பேசினார். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து அடி வாங்கிய அந்தப் பையன்கள்தான் இன்று நரைத்த தலையோடு சந்தா கட்டி வண்ண இதழ்கள் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 1940களின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸைக் குவித்து எரித்தார்கள். அதே நாட்டில் 1992இல் ஒரு படக்கதைக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள். நாம் எரிப்பதில்லை, எடைக்குப் போடுகிறோம். அந்த மட்டில் நாம் நாகரிகமானவர்கள்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காமிக்ஸுக்கும் எண் போடுங்கள். பாடத்திட்டம் மாறி உதவாமல் போன தேர்வு வழிகாட்டிக்கு எண் இருக்கிறது. பக்கம் பிரிக்கப்படாத வாழ்த்துரைத் தொகுப்புகளுக்கு எண்ணும் இருக்கிறது, கண்ணாடி அலமாரியும் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியையும் கட்டிவிட்டு, மழைக்காலத்தில் வாசிப்பு மேசைக்கு நடுவே வாளி வைத்துப் படிக்கிறோம். மின்விசிறி சுற்றுகிற நாளில் நாளிதழ் வந்திருக்காது...

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். மாடிப்படிக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டுகள் கிடக்கின்றன. அருள்கூர்ந்து அவற்றையாவது எடைக்குப் போடாமல், எண் போட்டு அலமாரியில் வையுங்கள். சிறுவர் பகுதியில் வைத்தாலும் சரி, பெரியவர்கள் உட்கார அங்கே ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

திங்கள்கிழமை காலை அப்பாவின் தொகுப்பை மறுபடியும் நன்கொடையாகக் கொண்டு வருகிறேன். நீங்கள் பதிவேட்டைத் திறந்து எண் எழுதும் வரை மேசைக்கு முன்னால் நிற்பேன். பேனாவும் கொண்டு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய உறுப்பினர் ஒருவர்